ஃபிஃப்டி ஃபிஃப்டி: தேசிய மருத்துவ ஆணையத்துக்கு மேல்மலையிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: மேல்மலைவாசி ஒருவன், பூம்பாறை வழி, கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: மாண்பமை தேசிய மருத்துவ ஆணையம், புது தில்லி.

பொருள்: தலைக்குள் கட்டி வந்தவர்களைத் தாங்கள் கண்டுகொள்ளாமல் இருந்துவருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலைக் கலைத்துவிட்டு 2020 செப்டம்பர் 25 அன்று தாங்கள் பொறுப்பேற்ற நாள் முதல் மலையில் நாங்கள் எல்லோரும் நலம். நலமில்லாதவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் தங்கள் சாதியைச் சேர்ந்த அமைப்பு ஒன்று பட்ட பாட்டைக் கேள்விப்பட்டபோதுதான் தங்கள் அருமை புரிந்தது. சிட்னியில் சார்லி டியோ என்றொரு மூளை அறுவை நிபுணர். மற்றவர்கள் கைவிரித்த கட்டிகளை எடுக்கிறேன் என்று துணிகிறவர். மூளைத்தண்டில் கட்டி இருந்த இரண்டு பெண்களுக்கு அவர் அறுவை செய்தார். இருவருக்கும் நினைவு திரும்பவில்லை, பின்னர் இறந்துபோனார்கள். 2021 ஆகஸ்டில் அங்குள்ள மருத்துவக் கவுன்சில் அவருக்குக் கடிவாளம் போட்டது: சில வகைக் கட்டிகளில் கை வைக்குமுன் சம்பந்தமில்லாத இன்னொரு நிபுணரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். 2023 ஜூலையில் விசாரணைக் குழுவும் அவர்மேல் குறை கண்டது. குழுவின் வாசலில் அவரால் பிழைத்தோம் என்று ஒரு கூட்டம் நின்றது. கடைசி வாய்ப்பை எங்களிடமிருந்து பறிக்க நீங்கள் யார் என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்விதான்.

எவ்வளவு வீண்வேலை பாருங்கள்! எங்கள் மலையில் யாருக்குக் கடைசி வாய்ப்பு என்பதைப் பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை, காட்ரோடு என்று இறங்கும் பாதையே முடிவு செய்துவிடுகிறது. குழு வேண்டாம், வக்கீல் வேண்டாம். மூளைக்கட்டியின் அறிகுறி தலைவலி, வாந்தி என்கிறார்கள். மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி எடுப்பவருக்கு வந்தது கட்டியா, கொண்டை ஊசி வளைவா என்று எந்த நடத்துனர் பிரித்துச் சொல்வார்? மாத்திரைக் கடையில் தொடங்கி, கண்ணாடி மாற்றி, காத்துக் கருப்புக்கு மந்திரித்து, கடைசியில் வலிப்பு வந்த பிறகே மதுரைக்கு ரெஃபர் ஆகிறோம். கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். மன்னவனூர், கவுஞ்சிக்காரர்களுக்கு அதற்கும் மேல். வெள்ளகவியில் டோலி கட்டித் தூக்கிவந்த நோயாளிகளின் கதை தனி. மதுரைக்கு அருகே தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அதன் முதல் மாணவர்கள் 2022-ல் படிக்கத் தொடங்கியது ராமநாதபுரத்தில். கட்டடம் இல்லாமலே கல்லூரி நடத்த முடியும் என்று காட்டியதில் நாங்கள் உலகுக்கு முன்னோடி.

மேலே இருந்தால் பழநியில் மொட்டை, கீழே இறங்கினால் மதுரையில் மொட்டை. எதற்கும் முதலாவதைப் போட்டுவிட்டே இரண்டாவதற்குப் போகிறவர்கள் நாங்கள்.

திறமைக்குக் குறைவு என்று சொல்ல வரவில்லை. 1949-ல் ஜேக்கப் சாண்டி வேலூரிலும், 1950-ல் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் தொடங்கிவைத்த துறை இது. தமிழன் அதற்கும் மூத்தவன் என்று சொல்லும் கதையும் உண்டு. தீராத தலைவலிக்காரன் ஒருவனின் மண்டையை அகத்தியர் திறந்தாராம். உள்ளே மூளைமேல் தேரை. எடுத்தால் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. பக்கத்தில் நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து காட்ட, தேரை அதில் குதித்துவிட்டது; சீடனுக்குத் தேரையர் என்று பெயர் வந்தது. உயர் ஆபத்து அறுவை. உதவியாளர் பதிவு எண் தெரியவில்லை. சம்மதப் படிவம் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். செய்தது ஒன்று, பிழைத்தது ஒன்று என்ற கணக்கு ஊருக்கே தெரிந்திருக்கிறது. அகத்தியருக்குப் பிறகு அந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

இப்போது எங்களுக்குக் கிடைப்பது ஒரே கணக்கு. ஸ்கேனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டு, "ஃபிஃப்டி ஃபிஃப்டிதாம்மா, மேல கடவுள் இருக்கான், கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். நெற்றிப் பக்கம் எளிதாக எடுக்கக்கூடிய கட்டிக்கும் ஃபிஃப்டி ஃபிஃப்டி, மூளைத்தண்டுக் கட்டிக்கும் ஃபிஃப்டி ஃபிஃப்டி. வருடத்துக்கு நூறு மண்டை திறக்கிறவருக்கும், இரண்டு திறக்கிறவருக்கும் அதுவே. இத்தனை ஆஸ்பத்திரிகள் இப்படி ஒரே முடிவை எட்டியிருப்பது மருத்துவ உலகம் இன்னும் கவனிக்காத அதிசயம். அதில் எந்த அம்பது பிழைப்பு, எந்த அம்பது கை கால் விழுந்து படுக்கையில் கிடப்பது என்று கேட்க எங்களுக்குத் தோன்றுவதில்லை. கேட்டால், "நீங்க படிச்சவரா?" என்பார்கள்.

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குப் போதுமான அளவு சொன்ன பிறகு வாங்குவதே சம்மதம் என்றது. நல்ல தீர்ப்பு. தியேட்டர் வாசலில், ஆங்கிலப் படிவத்தில், பெருக்கல் குறி போட்ட மூன்று இடங்களில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும்போது அதை மனதார நினைத்துக்கொள்கிறோம்.

கணக்கு வைக்கவே தெரியாத நாடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். உயர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு எண்ணிக்கையும் விதித்தது: வாரநாளில் 4,000, வாரக்கடைசியில் 6,000. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தப் பூண்டு அசல் என்பதற்குச் சான்று உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் (நான் குறை சொல்லப்போவதில்லை, ஆண்டுக்கு 5 லட்சம் வரை கொடுக்கும் அந்த அட்டை இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் மதுரையை எட்டிக்கூடப் பார்க்க முடியாது) ஒவ்வொரு அறுவைக்கும் முன்அனுமதி, ஸ்கேன், பில் எல்லாம் கணினியில் ஏறுகிறது. பணம் போன கணக்கு பைசா சுத்தம். கீழே இறங்கியவர்களில் யாருக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது, யாருக்குத் தலையோடே போனது என்ற கணக்கைக் கையெழுத்துப் போடப்போகிறவரிடம் யாரும் நீட்டுவதில்லை.

கணக்கை வெளியிட்டால் டாக்டர்கள் சிக்கலான கேஸைத் தொட மாட்டார்கள் என்று தங்கள் தரப்பில் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலேயே இதய அறுவை முடிவுகளை மருத்துவர் பெயரோடு வெளியிட்ட நியூயார்க் மாநிலத்தில் இதே பயம் எழுந்தது. ஆனால் அங்கே நோயாளியின் நிலையையும் சேர்த்து எடை போட்டே கணக்கிட்டார்கள். பூம்பாறைப் பாதையில் வண்டி ஓட்டுகிறவரையும் வத்தலக்குண்டு நேர்ரோட்டில் ஓட்டுகிறவரையும் ஒரே கணக்கில் மார்க் போட யார் சொன்னது? அரசு ஆஸ்பத்திரியில் வேறு யாரும் தொடாத கட்டியைத் தொடுகிறவருக்கு அந்தக் கணக்கே பாதுகாப்பு. சிட்னிக்காரர்கள் சண்டையிலும் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். துணிகிற டாக்டரும் வேண்டும், துணிகிற நோயாளியும் வேண்டும். எண் தெரியாமல் துணிவதற்குப் பெயர் சூதாட்டம்; அதில் சீட்டைப் போடுகிறவர் ஒருபோதும் தோற்பதில்லை.

தாங்கள் சும்மா இருந்தீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை வெளியிட்டீர்கள். அறுவைக்கு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. ஆகஸ்ட் 23 அன்று நிறுத்தி வைத்துவிட்டீர்கள். செய்தி மேல்மலைக்கு ஏறி வந்து சேர்வதற்குள் விதி இறங்கிப் போய்விட்டது. இப்போது மறுபடி 2002 விதிகள். அதன்படி மருத்துவர் தன்னை விளம்பரப்படுத்தக் கூடாது. மருத்துவமனைக்கு அந்த விதி பொருந்தாதாம்! அதனால் சாலை நெடுகப் பலகைகளில் கைகட்டிச் சிரிக்கும் வெள்ளைக் கோட்டுகளெல்லாம் விளம்பரமல்ல, இயற்கைக் காட்சி.

காத்திருக்க எங்களுக்குத் தெரியும். பாதரச தெர்மாமீட்டர் ஆலை இங்கே மூடப்பட்டது 2001-ல். இழப்பீடு கேட்ட தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். ஆனால் தலைக்குள் இருப்பதற்கு அந்தப் பொறுமை கிடையாது. கொடிய வகை மூளைக்கட்டியான கிளையோபிளாஸ்டோமாவில் அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் கொடுத்தும் பாதிப் பேர் ஒன்றேகால் வருடத்தைத் தாண்டுவதில்லை. தங்கள் கோப்பு அதைவிட மெதுவாக நகரும்.

ஆகவே சிறு விண்ணப்பங்கள். மூளை அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், எத்தனை செய்தது, முப்பதாம் நாள் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள், எத்தனை பேர் தாமாக எழுந்து நடந்தார்கள் என்பதைச் சுவரில் தமிழில் எழுதிப்போடட்டும். உயர் ஆபத்து என்றால் இன்னொரு மருத்துவமனை நிபுணரின் கருத்து காணொளியிலாவது கிடைக்கட்டும். கொடைக்கானலிலேயே உட்கார்ந்து கேட்டால் ஒரு பயணமாவது மிச்சம். படிவம், கையெழுத்துப் போடுகிறவர் பேசும் மொழியில் முதல்நாளே கைக்கு வரட்டும்.

கடைசியாக ஒரு விளக்கம். மாநிலக் கவுன்சில் முடிவால் மனம் நொந்தவர் யாரானாலும் மேலே வரலாம் என்று முன்பு இருந்தது. தங்கள் 2019 சட்டத்தின் 30-ஆம் பிரிவு அந்தக் கதவை மருத்துவருக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறது. நோயாளிகள் தட்டியபோது தாங்கள் திருப்பி அனுப்பியதும் எங்களுக்குத் தெரியும். எனவே இது மேல்முறையீடு அல்ல. தலைப்பிலேயே நன்றிக் கடிதம் என்று போட்டிருக்கிறேன். நன்றி சொல்லவும் மருத்துவப் பதிவு எண் வேண்டுமென்றால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருத்துவர் அல்லாத,
மேல்மலைவாசி