ஓட்டில்லாதவரின் கவலை

கேள்வி: அரசியலில் பணத்தின் ஆட்டத்தை மாணவர்கள் அடக்கிவிட முடியுமா? டீக்கே கடன் சொல்கிறவர்களாயிற்றே!
- வாசகர், கும்பகோணம்

பதில்: கடன் சொல்கிறவர்களுக்குத்தான் காசின் அருமை தெரியும். அமெரிக்காவில் ‘டெமாக்ரசி மேட்டர்ஸ்’ என்ற மாணவர் அமைப்பை 2001இல் ஆரம்பித்தவர் மட்டும் காசுள்ளவர். அடோனல் ஃபாயில், கூடைப்பந்து வீரர், உயரம் ஆறடி பத்தங்குலம். கரீபியன் தீவுக்காரர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதே 2007இல்தான். ஓட்டுள்ளவன் தூங்க, ஓட்டில்லாதவர் கவலைப்பட்டிருக்கிறார்!

அடக்கிவிட்டார்களா? எங்கே! கம்பெனிகள் தேர்தலில் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், அது பேச்சுரிமை என்று 2010இல் அங்கே உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காசுக்கும் வாய் முளைத்துவிட்டது.

மாணவர்கள் கேட்பது அரசு நிதியில் தேர்தல். கனவு இல்லை, மெய்ன் மாநிலத்தில் 1996லேயே மக்கள் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த சட்டம் இருக்கிறது. வேட்பாளர் தொகுதிக்காரர்களிடம் ஆளுக்கு ஐந்து டாலர் வசூலிக்க வேண்டும். போதுமான பேர் கொடுத்தால், பிரசாரச் செலவுக்கு அரசு பணம் தரும். அதன்பின் தனியார் நன்கொடையைத் தொடக்கூடாது.

நம்மூரிலும் வேட்பாளர் தரப்பு வீடுவீடாக வருகிறது. கவர் கைமாறும் திசைதான் வேறு.