பெர்கனுக்கு ஏழு மலை, ஸ்ரீரங்கத்துக்கு ஏழு மதில்

நார்வேயில் வேலை பார்க்கும் என் மகன், பெர்கன் துறைமுக நகரை ஒரே நாளில் எனக்குச் சுற்றிக் காட்டினான். அடுத்த மாதம் மனைவி, பிள்ளைகளோடு வருகிறான். பதிலுக்கு நான் எதைக் காட்டுவது? (வாசகி, உறையூர்)

1918 முதல் ஓடும் இழுவை ரயிலில் உங்களை ஃப்ளோயன் மலைக்கு ஏற்றி, ஊரை மேலிருந்து காட்டிவிட்டு, பிறகுதான் கரையோர மரவீடுகளுக்கு அழைத்துப் போயிருப்பான். நல்ல முறை அது. நீங்களும் உயரத்தில் தொடங்குங்கள்.

விடிந்ததும் திருச்சி மலைக்கோட்டை. தாமதித்தால் பாறை சுடும், வெறுங்காலோடு ஏற வேண்டும். ஃப்ளோயன் 320 மீட்டர், நம்முடையது 83தான். ஆனால் அங்கே ரயில் தூக்கிப் போகும். இங்கே உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க நம் முழங்கால்தான் ரயில். மேலே நின்றால் காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம் தீவு, ராஜகோபுரம், கொள்ளிடம் என்று ஊரின் அமைப்பே விளங்கிவிடும்.

இறங்கும்போது மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையைத் தவறவிடாதீர்கள். சடையில் கங்கையைத் தாங்கும் சிவன் அங்கே இருக்கிறார். அங்குள்ள கல்வெட்டின் கற்பனை அபாரம்: சிவனுக்கு ஆறுகள் என்றால் ஆசை, காவிரியைப் பார்த்தால் அவள்மேலும் மனம் போய்விடுமோ என்று அஞ்சிய பார்வதி, பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்து, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். ஓர் ஆற்றின் அழகை இதைவிடப் பெரிதாக எப்படிச் சொல்வது? மருமகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கப்பலே வராத ஊரைத் துறைமுகத்தோடு ஒப்பிடுவது அதிகப்படி இல்லையா? (வாசகர், தில்லைநகர்)

கப்பல் வரவில்லை, சரக்கு போனது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில், ‘அர்காரு’ என்ற ஊரின் மெல்லிய துணி பேசப்படுகிறது. அது உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு.

ஸ்காண்டிநேவியாவும் நமக்குப் புதிதல்ல. டேனிஷ்காரர்கள் 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய மிஷனுக்காக 1750இல் அங்கே வந்து சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், பின்னர் திருச்சிக்கு வந்தார். அவர் முயற்சியில் 1766இல் எழுந்த கிறிஸ்து நாதர் ஆலயம் தெப்பக்குளத்துப் பக்கம் இன்றும் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கியதும் எட்டிப் பாருங்கள்.

பகல் வெயிலில் எங்கே ஒதுங்குவது? (வாசகர், லால்குடி)

திருவானைக்காவலில். பஞ்சபூதத் தலங்களில் அது நீர்த்தலம். உச்சிகால பூஜைக்கு அர்ச்சகர் சேலை உடுத்தி, அகிலாண்டேஸ்வரியாகவே சுவாமி சன்னதிக்கு வருவார். சற்று முன்னதாகவே போனால், காலைப் பலகாரத்துக்கு அதே ஊரில் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசை.

ஸ்ரீரங்கத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா? (வாசகி, சேலம்)

போதாது. பெர்கனை ஏழு மலை சூழ்ந்த ஊர் என்பார்கள். இங்கே ஏழு மதில், 156 ஏக்கர். பல தலங்களில் கோயிலைச் சுற்றி ஊர் இருக்கும். இங்கே கோயில் மதிலுக்குள்ளேயே ஊர் இருக்கிறது. சித்திரை வீதியில் கோலத்தை மிதிக்காமல், காய்கறி வண்டிக்கு வழிவிட்டு நடக்கும்போதே நீங்கள் கோயிலுக்குள்தான் இருக்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாக நின்றதுதான், 1987இல் 236 அடி ராஜகோபுரமாக நிறைவு பெற்றது.

ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண் இல்லையாமே? (வாசகர், கரூர்)

953. மிச்சம் 47ஐத் தேடாமல் எதிரே சேஷராயர் மண்டபத்துக்குப் போங்கள். முன்கால் தூக்கிப் பாயும் கல் குதிரைகள், மேலே வீரர்கள், கீழே புலி வேட்டை. குதிரையின் கழுத்து நரம்பு வரை கல்லில் தெரியும். அரை மணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

காரா, பேருந்தா? (வாசகி, துறையூர்)

1ஆம் எண் பேருந்து. சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் எல்லாம் அதன் வழியில். ஜன்னல் ஓர இருக்கையைக் குழந்தைகளுக்கு விடுங்கள்.

பெர்கன்காரர்கள் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், நம்மால் முடியாதா? (வாசகர், உறையூர்)

அவர்களும் கெடுத்தவர்கள்தான். பெர்கனின் புட்டேஃபியோர்டில் கடலடியில் நச்சுச் சேறு படிந்து கிடந்தது. ரயிலுக்காக மலையைக் குடைந்தபோது வெளிவந்த கல்லைக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டி மூடினார்கள். தங்கள் தவறைத் தாங்களே செலவு செய்து திருத்தினார்கள்.

நம் உய்யக்கொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். காவிரி நீரை நகரத்தின் நடுவே கொண்டுபோய் இன்றும் வயலுக்குப் பாய்ச்சுகிறது. அதில் நாம் கழிவுநீரைக் கலக்கிறோம், குப்பையைக் கொட்டுகிறோம். எனக்கு இது தாங்கவில்லை. கழிவுநீர்க் குழாய்கள் வாய்க்காலில் விழாமல் தடுப்பதுதான் முதல் வேலை. கவுன்சிலர் வாக்குக் கேட்டு வரும்போது ரோடு, விளக்கோடு இதையும் கேளுங்கள். விருந்தாளி வந்தால் காவிரிக்கரை அம்மா மண்டபத்தைக் காட்டிய கையோடு உய்யக்கொண்டான் பாலத்திலும் நிறுத்திக் காட்டுங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.