ஒரு மலைக்கு மூன்று பட்டாதாரர்கள்

நியூயார்க்கில் கூடும் கண்டத்திட்டு எல்லை ஆணையத்தின் மகாகனம் பொருந்திய அங்கத்தினர்கள் 21 பேருக்கும் அநேக நமஸ்காரம்.

வட துருவத்துக்கு அடியில், சூரிய ஒளி எட்டாத இருளில், சுமார் 1,800 கிலோமீட்டர் நீளம் படுத்துக் கிடக்கும் லோமொனோசொவ் மலைத்தொடர், தான் இன்னார் பிள்ளை என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லையாயினும், அது சைபீரியாவின் நீட்சி என்று ருஷ்யாவும், கிரீன்லாந்தின் நீட்சி என்று டென்மார்க்கும், எல்ஸ்மியர் தீவின் நீட்சி என்று கனடாவும் கட்டுக்கட்டாகத் தஸ்தாவேஜுகளைத் தங்கள் சந்நிதானத்தில் சமர்ப்பித்திருப்பது கண்டு, அம்மலையின் பாக்கியத்தை வியக்கிறேன். கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பாலும் அடிநிலம் வேண்டுவோர் சரிவின் அடிவாரத்தையும் வண்டலின் கனத்தையும் அளந்து காட்ட வேண்டும் என்று விதித்து, பேராசைக்குப் பூகர்ப்ப சாஸ்திரத்தைப் பட்டாடையாகப் போர்த்திய புண்ணியம், தங்களைத் தோற்றுவித்த 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையைச் சாரும்.

இதில் ருஷ்யாவின் சிரத்தை விசேஷமானது. 2007 ஆகஸ்டு 2ஆம் தேதி, துருவ ஆய்வாளர் ஆர்தூர் சிலிங்காரொவ் குழுவினர் வட துருவத்தில் 'மிர்' நீர்மூழ்கியில் 4,261 மீட்டர் ஆழம் இறங்கி, உப்புநீர் அரிக்காத டைட்டானியக் கொடியொன்றை நட்டு வந்தனர். காற்றே இல்லாத இடத்தில் கொடி விரிந்து நிற்குமோ என்ற கவலையை உலோகமே தீர்த்துவிட்டது. அச்செய்தியோடு உலகெங்கும் உலவிய காட்சிகளுள் சில 'டைட்டானிக்' திரைப்படத்தில் வந்தவை என்று பின்லாந்துச் சிறுவனொருவன் கண்டுபிடித்தானாம்; அவ்வளவு ஆழத்தில் எதுவும் ஒன்றுபோலத்தான் தெரியும், பாவம். டென்மார்க்கும் கனடாவுமோ, ஹான்ஸ் தீவு என்னும் சுமார் 1.3 சதுர கிலோமீட்டர் பாறையில் மாறி மாறிக் கொடியும் மதுப்புட்டியும் வைத்து, 2022இல் அதைப் பாகம் பிரித்துக்கொண்ட பரம சாதுக்கள்.

2023இல் ருஷ்யாவின் கோரிக்கையைப் பெரும்பாலும் ஏற்ற தாங்கள், கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று கவியுமிடத்தில் மட்டும், 'நீங்களே பேசித் தீருங்கள்' என்று விலகி நிற்கும் சாமர்த்தியம் எந்தத் தாசில்தாருக்கும் வாய்க்காதது.

என் விண்ணப்பம் ஒன்றே. அடிநிலத்துக்கு மூவர் வழக்காடுகையில், அதன்மேல் மிதக்கும் பனிக்கு ஒருவரும் வாரிசாக முன்வரக் காணோம். 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியபோது, கப்பல் வழி திறக்கிறதே என்று மகிழ்ந்தவர்கள் உண்டேயன்றி, 'என் சொத்து கரைகிறதே' என்று பதறி ஓடி வந்தவர் இல்லை. ஆகையால், அடிநிலத்தை எந்த விகிதத்தில் எவருக்குச் சிபாரிசு செய்கிறீர்களோ, அதே விகிதத்தில் உருகிய பனியையும் அவரவர் கணக்கில் பற்றெழுதி, சீல் வேட்டைக்குப் பனியின்றி நிற்கும் இனுயிட் குடும்பத்தார் வந்து கேட்கும்போது காட்டுவதற்கு நகலொன்றை அலுவலகத்தில் வைத்திருக்குமாறு பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
கடலடியில் ஒரு முழ நிலமும் இல்லாத மனுதாரன்.