எண்ணெய் வேணாம், மீட்டிங் இருக்கு

வாடா பேராண்டி. சனிக்கிழமையும் அதுவுமா உன் ஆயா நல்லெண்ணெயில ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தோட வந்து நின்னா, "மீட்டிங் இருக்கு"ன்னுட்டியாமே? நான் உன் பக்கம்டா. எண்ணெய் வெச்சா முக்காலியில ஒரு மணி நேரம் துண்டோட சும்மா குந்தணும். போனத் தொட்டா வழுக்கும். கம்பெனி என்னாத்துக்கு ஆவும்?

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் வேலவெட்டி இல்லாதவர். வருஷம் பூரா கவசத்துக்குள்ள இருந்துட்டு, கார்த்திகைப் பௌர்ணமி வந்தா மூணு நாளு அதக் கழட்டிப்புட்டு, புனுகு சாம்பிராணித் தைலம் பூசிக்கிட்டு உக்காந்துடறாரு. ஸ்ரீரங்கத்துப் பெருமாள் சுதையில செஞ்ச மேனி. தண்ணி ஊத்தினா தாங்காது, அவருக்கும் தைலக்காப்புதான். பாவம், ரெண்டு பேர்கிட்டயும் லேப்டாப் இல்ல.

பரங்கிமலை மாதா கோயில் பக்கம் போனாலும் இதே கூத்துதான். கிறிஸ்துங்கற பேருக்கே எண்ணெய் பூசப்பட்டவர்னுதான் அர்த்தம். நோயில படுத்தவனுக்கு நெத்தியிலயும் கையிலயும் பூசறாங்க. புதுச் சாமியாருக்குப் பட்டம் குடுக்கறப்போ, ஒலிவ எண்ணெயில வாசனத் தைலம் கலந்து உள்ளங்கையில தடவறாரு ஆயர். எல்லாரும் கைய நீட்டறாங்க. விவரம் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.

தாம்பரம் சானடோரியத்துல 2005-ல தொறந்தாங்களே, தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அந்தப் பக்கம் மட்டும் போயிடாத. எண்ணெய் முழுக்குக்குச் சித்தருங்க கணக்கு நாலு நாளைக்கொருக்கா.

ஆயா கை இருக்கே, அது ரொம்ப மோசம். உள்ளங்கையக் குழிச்சு எண்ணெய உச்சியில ஊத்தி, தப்பு தப்புன்னு அடிப்பா. காதுல ஒரு சொட்டு, தொப்புள்ல ஒரு சொட்டு. கட்டைவிரலு பிடரியில எறங்கறப்போ கண்ணு சொருகும். அப்புறம் சீயக்காய் எரிச்சல், மிளகு ரசம், பகல்ல தூங்காதேன்னு அதட்டல். இத்தனையும் ஓசி. அதான் உனக்கு எளக்காரம். போன மாசம் ஏதோ ஸ்பாவுல ஆயிரக்கணக்குல கொட்டிக் குடுத்துத் தலையத் தேய்ச்சிக்கிட்டு வந்தியே, அது வேற. நம்ம வெள்ளிக்கிழமச் சந்தையில ஓட்டக் கம்ப்யூட்டர்லேர்ந்து ஆட்டுக்குட்டி வரைக்கும் விலைக்கு வந்து பார்த்துட்டேன். ஆயா மட்டும் வந்ததில்ல.

நாளைக்கு உனக்குப் பொண்ணு கெடைச்சு நலங்கு வெச்சா, அருகம்புல்லால எண்ணெயத் தொட்டுப் பாதம், முட்டி, தோளு, தலைன்னு வைப்பாங்க. அன்னைக்கும் மீட்டிங்குன்னு சொல்லிடு. கடைசியா ஒருக்கா, பாடைக்கு முன்னால சொந்தக்காரங்க வரிசையா வந்து எண்ணெய் சீயக்கா வைப்பாங்க. அப்போ மட்டும் எவனும் வேணாம்னு சொன்னதில்ல. நானும் சொல்லப் போறதில்ல. உன் முறை வர்றப்போ போனச் சட்டைப் பையில போட்டுட்டு ரெண்டு கையாலயும் வெய்யிடா.

சரி, நீ கெளம்பு. காய்ச்சின எண்ணெய் ஆறுது. ஏ கெழவி, இங்க வா! என் தலை சும்மாதான் இருக்கு.