கட்டைவிரலுக்கு உரையாசிரியர்

எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் பெரிய மாமா. கருவூலத்தில் பில் பார்த்து ஓய்வுபெற்றவர். எந்த பில்லையும் முதல் தடவையே பாஸ் பண்ணியதில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். இப்போது பில் வருவதில்லை, எமோஜி வருகிறது.

விடிந்ததும் அவர் அனுப்பும் சூரியன், ரோஜா, காபிக் கோப்பை இவற்றுக்கெல்லாம் பொருள் தேடக் கூடாது. பொருள் எல்லாம் அடுத்தவர் அனுப்புவதில்தான்.

மகளின் கல்யாணப் பத்திரிகையைக் குழுவில் போட்டுவிட்டு, யார் யார் என்ன ரியாக்‌ஷன் என்று பட்டியலைத் திறந்து உட்கார்ந்தார். எனக்குப் போன் வந்தது.

"மாப்ளே, உன் சின்ன மாமன் வெறும் கட்டைவிரலோட நிறுத்திட்டான், பாத்தியா?"

"சரின்னு அர்த்தம் மாமா."

"கும்பிடும் அங்கேயேதானே இருக்கு? ஆறு இருக்கு. அதை விட்டுட்டு இதைத் தேடி எடுத்திருக்கான்."

தேடவே வேண்டியதில்லை, வரிசையில் கட்டைவிரல்தான் முதலில் நிற்கிறது. சின்ன மாமா டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரலுக்கு எட்டியதை அமுக்கியிருப்பார். பெரிய மாமாவின் உரையிலோ அந்த ஒற்றை விரலுக்குள் பாகப்பிரிவினை, கிணற்றுப் பங்கு, யாருடைய வளைகாப்பிலோ முதல் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டது எல்லாம் அடக்கம். 1999இல் ஜப்பானில் ஷிகேதகா குரிதா 176 எமோஜிப் படங்களை, ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள், வடிவமைத்தார். பாவம், மனிதர் சிக்கனக்காரர்.

இதயத்தின் நிறத்துக்கும் மாமாவிடம் சாத்திரம் உண்டு. மஞ்சள் மங்களம். நீலம் ஒப்புக்குப் போட்டது. கறுப்பு வந்தால் அத்தையைக் கூப்பிட்டு உப்பு, மிளகாய் சுற்றிப் போடச் சொல்வார்.

நானும் சட்டத்தைக் காட்டிப் பார்த்தேன். மேலதிகாரி கொலையான செய்திக்குக் கட்டைவிரல் போட்டதால் வேலை போன ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் வழக்கில், 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைப் 'பார்த்துவிட்டேன்' என்பதாகவும் கொள்ளலாம் என்றது.

"கோர்ட்டுக்கு நம்ம குடும்பம் தெரியாது மாப்ளே" என்றார் மாமா.

அதோடு விட்டாரா? 2023இல் கனடாவின் சஸ்காட்செவன் நீதிமன்றத்தில், ஆளிவிதை ஒப்பந்தத்துக்குக் கட்டைவிரல் போட்ட விவசாயி சம்மதித்தவர் ஆகி, சரக்கு தராததற்கு 82,000 கனடா டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. அதை மாமா எங்கிருந்தோ படித்து வைத்திருக்கிறார். சீர்வரிசைச் செலவில் பாதி உன் பொறுப்பு என்று அவர் போட்ட செய்திக்குச் சின்ன மாமாவின் கட்டைவிரல் விழுந்ததும், உடனே ஸ்கிரீன்ஷாட். இந்தக் கட்டைவிரலுக்கு மட்டும் 'சரி' என்றுதான் பொருளாம்.

வம்பே வேண்டாமென்று நான் எதுவும் போடாமல் இருந்தேன். சாயங்காலம் போன்.

"என்ன மாப்ளே, மௌனமா? எதுவும் வருத்தமா?"

"போன் சார்ஜ்ல கிடந்தது மாமா, பாக்கவே இல்ல."

"பாக்கலையா? அப்ப மத்தியானம் 2.10க்கு நீல டிக் எப்படி விழுந்துச்சு?"