ஆகச் சிறந்தவை எத்தனை?

தமிழில் உச்சநிலையைக் காட்டப் பெயரடையோடு ஒட்டும் விகுதி எதுவும் இல்லை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இதைக் குறித்துவிட்டார். தமிழர் இதை ஒரு குறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. மிகுதியைச் சொல்லத் தொல்காப்பியம் உறு, தவ, நனி என்ற மூன்று உரிச்சொற்களைத் தந்தது. அவை போதவில்லை போலும், நன்னூல் சால, கூர், கழி என்று மேலும் மூன்றைச் சேர்த்துக்கொண்டது. இந்த ஆறில் இன்றும் மேடையேறும் தெம்பு ‘சால’வுக்கு ஓரளவு உண்டு, ‘சாலச் சிறந்தது’ என்று பட்டிமன்ற நடுவர்கள் சொல்லக் கேட்கலாம். ஆனால் நூல் மதிப்புரையிலும் பின்னட்டையிலும் அதன் இடத்தில் இப்போது ‘ஆகச் சிறந்த’ அமர்ந்திருக்கிறது. ‘ஆக’ பறித்துக்கொண்டது ‘சால’வின் இடத்தை மட்டுமல்ல, பொருளையும்தான் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று யாப்பு. சாலச், ஆகச் இரண்டுமே தேமா. இரண்டின் பின்னும் வல்லினம் மிகும். ஒன்றை உருவிவிட்டு மற்றதைச் செருகினால் ஓசையில் அரை மாத்திரைகூட மாறாது. ஆள்மாறாட்டத்துக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. அடுத்த சான்று பொருள். சாலச் சிறந்தவை உலகில் எத்தனையும் இருக்கலாம். ‘ஆக’ அப்படிப்பட்டதல்ல. இலங்கையில் ஆகக் குறைந்த சம்பளம் என்றால் அதற்குக் கீழே ஒரு சதமும் கிடையாது. சிங்கப்பூரில் ஆகப் பெரிய கட்டடம் என்று செய்தி வந்தால், அதைவிடப் பெரிதாக இன்னொன்று இல்லை என்றே பொருள். தமிழ்நாட்டிலோ ஆகச் சிறந்த நாவல்கள் ஒரே பதிப்பகத்தின் ஒரே விலைப்பட்டியலில் சண்டை சச்சரவின்றிக் குடியிருக்கின்றன. இது உச்சநிலையின் குணமன்று, ‘சால’வின் குணம்.

‘ஆகச் சிறந்த நாவல்களுள் ஒன்று’ என்று அடக்கமாகத்தானே எழுதுகிறார்கள் எனலாம். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் எவரும் தம்மை ‘ஆகக் கடைசி ஆட்களுள் ஒருவர்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. பலருக்குப் பங்கு வைக்க வேண்டிய இடத்தில்தான் ‘ஒன்று’ தேவைப்படுகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. ‘ஆக’ கணக்கேட்டுச் சொல். எல்லா இனங்களையும் கூட்டிய பிறகே ‘ஆக மொத்தம்’ எழுதுகிறோம். ஆகவே ‘ஆகச் சிறந்த’ என்பது அனைத்தையும் எடைபோட்டு எட்டிய முடிவு என்பர். நல்ல விளக்கம்தான். ஆனால் அதை ஏற்றால், 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தொடங்கி நேற்று அச்சேறியது வரை ஒவ்வொரு நாவலையும் படித்து முடித்தவரே மதிப்புரை எழுத முடியும். அப்படி முடித்தவருக்கு மதிப்புரை எழுத ஆயுள் மிச்சமிருக்குமா என்பது வேறு. தவிர, வடிவத்தால் ‘ஆக’ செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். சிறப்பு இனிமேல்தான் ஆகவேண்டும் என்று வாதிடவும் அதில் இடமிருக்கிறது. பதிப்பாளர்கள் இதை விரும்பமாட்டார்கள்.

ஒரு புதிர் மிஞ்சுகிறது. ‘ஆக மோசமான நாவல்’ என்ற தொடர் மதிப்புரைகளில் ஏன் இவ்வளவு அருமை? மகரத்தின் முன் ஒற்று மிகாததால் சொல்லுக்கு அழுத்தம் குன்றுகிறது என இலக்கணக் காரணம் காட்டலாம். ஆனால் ‘ஆகச் சுமாரான’ என்பதில் ஒற்று முறையாகவே மிகுகிறது. அதையும் எவரும் எழுதுவதில்லை. எனவே பழியை மகரத்தின்மேல் போட வழியில்லை. எழுத்தாளரும் மதிப்புரையாளரும் நண்பர்கள் என்ற விளக்கத்தையே, இலக்கணத்துக்குப் புறம்பானதாயினும், கொள்ளவேண்டியிருக்கிறது.