பேட்டரிக்குப் பத்துப் பொருத்தம்

சிகரெட் பிடிப்பவனுக்குத் தீப்பெட்டி நமத்துப் போனால் கவலையில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் கைநீட்டினால் போதும். முன்பின் தெரியாதவர்கூட நெருப்பு கொடுப்பார். எலக்ட்ரானிக் சிகரெட்காரன் யாரிடம் போய், "சார், ஒரு 18650 செல் இருக்குமா? இருபது ஆம்ப்பியர் தாங்குறதா இருந்தா நல்லது" என்று கேட்பான்? சோம்பேறிகளுக்கென்றே ஏற்பட்ட ஒரு கெட்ட பழக்கத்தை, காலை மாலை அனுஷ்டானம் கேட்கும் பழக்கமாக மாற்றியதுதான் இந்தப் பேட்டரியின் சாதனை. லண்டன் ஈஸ்ட் ஹாமில், என் பெரியப்பா மகன் வீட்டில் அதை நான் கண்ணாரக் கண்டுவருகிறேன்.

அண்ணன் மதுரையில் கல்லூரி நாளிலேயே ஊதத் தொடங்கியவர். இங்கே வந்தபின் டாக்டரே எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு, அதாவது வேப்புக்கு, மாறச் சொல்லிவிட்டார். பிரிட்டனில் இது சகஜம். சிகரெட்டோடு ஒப்பிட்டால் வேப்பில் கேடு 95 சதவீதம் குறைவு என்று 2015-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையே அறிக்கை விட்டது. "மீதி அஞ்சு எங்கே போச்சு?" என்று அண்ணி கேட்டார். அந்த ஐந்தும் பேட்டரியில்தான் ஒளிந்திருக்கிறது என்று அண்ணன் தாமாகவே முடிவுகட்டி, முழுக் கவனத்தையும் அங்கே திருப்பிவிட்டார்.

முதலில் ஊதித் தூக்கிப்போடும் ரகத்தைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். 2025 ஜூன் 1 முதல் அதற்குத் தடை வந்தது. இரண்டு செல் போடும் பெரிய கருவி ஒன்று வீட்டுக்கு வந்தது; கூடவே கல்வியும் வந்தது.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம். இத்தனை விவரமான பெயர் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது. ஆனால் பெயரில் இருக்கிற நேர்மை விற்பனையில் இல்லை. ஆன்லைனில் அண்ணன் முதலில் வாங்கிய செல்லின் மேல் 9900 மில்லிஆம்ப்-ஹவர் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. நல்ல கம்பெனி 18650 செல்லே பொதுவாக 3500 பக்கத்தில் நின்றுவிடும். சந்தேகம் வந்து, அண்ணி பருப்பு நிறுக்கும் தராசில் அதைத் தூக்கி வைத்தார். நிஜ செல் 45 கிராம் பக்கத்தில் இருக்கும். இது முப்பதைத் தாண்டவே முக்கியது. உள்ளே பாதி செல்லும் மீதி நம்பிக்கையும் இருந்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமம். கொள்ளளவு கூடினால், ஒரே மூச்சில் தரக்கூடிய மின்னோட்டம் பெரும்பாலும் குறையும். வேப்புக்கு முக்கியம் இரண்டாவதுதான். 80 வாட்டில் ஊதினால் செல் ஒன்றுக்கு 40 வாட். சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட்டில் நிற்கும்போது ஒவ்வொன்றும் பன்னிரண்டரை ஆம்ப்பியர் தள்ள வேண்டும். முக்கினால் சூடேறும்; சூடேறினால் ஆயுள் போகும், சமயத்தில் சட்டைப்பையும் போகும். இதையெல்லாம் அண்ணன் மளிகை ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓம் விதி தெரியாமல் பெஞ்சு மேல் ஏறி நின்றவர்! வாத்தியார் இருந்திருந்தால் ஒரு சிகரெட் வாங்கிக் கொடுத்துப் பாராட்டியிருப்பார்.

கடைசியில் 20 ஆம்ப்பியர் தாங்கும் சாம்சங் 25ஆர் செல் நாலு, நம்பகமான கடையில் வாங்கினார். இப்படிச் செல்லைத் தனியாக வாங்கி வேப்பில் போடாதீர்கள் என்று தயாரிக்கும் கம்பெனிகளே எச்சரிக்கின்றன. பெண்வீட்டார் வேண்டாம் என்று சொல்லியும் நடக்கிற சம்பந்தம் இது.

சம்பந்தம் என்று சும்மா சொல்லவில்லை. இரட்டை செல் கருவியில் ஜோடிப் பொருத்தம்தான் எல்லாம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வயது. ஒன்றாக வாங்கி, ஒன்றாகப் போட்டு, ஒன்றாகவே சார்ஜ் செய்ய வேண்டும். புதிதோடு பழையதைச் சேர்த்தால் இளைத்தது முதலில் காலியாகும். மற்றது அதையும் சேர்த்து இழுக்க, காலியானது அடிமட்டத்துக்கும் கீழே போய்க் கெடும். ஜோடி மாறிவிடக் கூடாதென்று அண்ணன் மார்க்கர் பேனாவால் பெயரே எழுதிவிட்டார். முதல் ஜோடி சிவாஜி, பத்மினி. இரண்டாவது எம்.ஜி.ஆர், சரோஜாதேவி. ஞாயிறு காலை மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்து, "பத்மினி 4.1, சிவாஜி 4.0. பரவாயில்லை" என்று நோட்டில் குறித்துக்கொள்வார்.

மேலுறை விஷயத்தில் இன்னும் கறார். செல்லின் உடம்பு முழுக்க மைனஸ், உச்சி மட்டும் பிளஸ். நடுவே காவலுக்கு ஒரு மெல்லிய காகித வளையமும் வெளியே சுற்றிய பிளாஸ்டிக்கும்தான். அந்த பிளாஸ்டிக்கில் நகக்கீறல் அளவு கிழிசல் தெரிந்தாலும் புது உறை மாட்டாமல் விடமாட்டார். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் செல்லைப் போட்டால் ஷார்ட் ஆகித் தொடையைச் சுட்டுவிடும் என்பதால் ஜோடிக்கொரு பிளாஸ்டிக் டப்பா. வெயிலில் நிற்கும் காரில் விடுவதில்லை. ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. 4.2-க்கு மேல் ஏற்றுவதில்லை, 3.2-க்குக் கீழே இறக்குவதில்லை.

"அளவா ஏத்தணும், அடியோட இறக்கக் கூடாது, சூடு ஆகாது, நடுநடுவுல ஓய்வு வேணும்" என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தார். உள்ளேயிருந்து அண்ணி, "இதையேதாங்க அந்த டாக்டர் உங்களுக்குச் சொன்னாரு" என்றார். அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. மேசை இழுப்பறையில் மல்டிமீட்டருக்குப் பக்கத்திலேயே சர்க்கரை பார்க்கும் மீட்டரும் கிடக்கிறது. நான் எடுத்து அமுக்கிப் பார்த்தேன், திரை எரியவில்லை. அதற்குப் பேட்டரி தீர்ந்து எத்தனை மாதமோ!

போன மாசி மாதம் ஊரில் ஒரு கல்யாணம். இந்தியாவில் 2019-லேயே எலக்ட்ரானிக் சிகரெட்டைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டார்கள். கொண்டுபோய் இறக்கினால் முதல் தடவைக்கே ஓராண்டு சிறை வரை போகலாம். ஆகவே அண்ணன் கருவியை லண்டனிலேயே விட்டுவிட்டுப் போனார். ஊதாமல் எப்படி இருப்பார் என்று எங்களுக்குக் கவலை. அவருடைய கவலை வேறு: முழு சார்ஜில் சும்மா கிடந்தால் செல்லுக்கு வயசாகும், பாதி சார்ஜில், நிழலில் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. பின்னால் நாதஸ்வரம், சமையல்காரர் சத்தம், உறவுக் கும்பல். மாப்பிள்ளை எப்படி, பந்தியில் என்ன என்று நான் கேட்பதற்குள் அண்ணன் குரலை உயர்த்தினார்: "தம்பி, சரோஜாதேவி எப்படி இருக்கா?"

நாதஸ்வரம் தவிர மற்ற எல்லாச் சத்தமும் அங்கே சட்டென்று அடங்கியது எனக்கு இங்கே கேட்டது.

"நல்லா இருக்காங்கண்ணே. 3.8."

"எம்.ஜி.ஆர்?"

"அவரும் 3.8."

"அப்ப சரி" என்றார். அடுத்து வந்தது அண்ணியின் குரல். அது எத்தனை வோல்ட் என்று அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.